பிள்ளை தேறிய பிறகும் தொடரும் ஊசி: ஒரு என்.ஐ.சி.யூ நர்ஸின் அனுபவம்

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மூளைக்காய்ச்சல் தொற்றிய பச்சிளங்குழந்தைக்கு ஊசி மருந்து பெரும்பாலும் மூன்று வாரம் போகும். ஆனால் மருந்து சரியாக அமைந்துவிட்டால் முதல் வாரம் முடிவதற்குள்ளேயே பல பிள்ளைகள் கண் திறந்து, கை காலை ஆட்டி, பால் குடிக்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் வீட்டார் கேட்பார்கள்: “பிள்ளை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு சிஸ்டர் இன்னும் ஊசி?” நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குச் சரியான பதில் கிடைக்காமல் வீட்டுக்குக் கிளம்பிய குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம் வரும்.

தென்மாவட்டங்களில் சில தனியார் மருத்துவமனைகளின் என்.ஐ.சி.யூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது டிஸ்சார்ஜ் ஆன பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மருந்தை முடிவு செய்வது டாக்டரின் வேலை. இங்கே மருந்தின் பெயரையும் அளவையும் சொல்வது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் அப்பா, அம்மாவுக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரியட்டும் என்பதற்காக மட்டுமே.

“ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலயே எப்படி வரும்?” என்று கோபப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது. தாயிடமிருந்து வரவேண்டிய நோய் எதிர்ப்புப் புரதங்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அதிகம் இறங்கும். முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு அந்தப் பங்கு கிடைத்திருக்காது. அதோடு நரம்பில் லைன், மூக்கில் குழாய், வயிற்றுக்கு இன்னொரு குழாய். ஒவ்வொன்றும் உயிரைக் காக்கிறது, ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வழியும் ஆகிறது. பிறந்து 72 மணி நேரத்துக்குப் பிறகு வரும் தொற்றை வார்டில் தனியாகவே எடுத்துப் பார்ப்போம். அம்மாவிடமிருந்து வந்த கிருமியாக இல்லாமல் வார்டின் கிருமியாக இருக்கும் வாய்ப்பு அதில் அதிகம். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியான ‘டெனிஸ்’ ஆய்வில் முன்னால் நின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகிய மூன்றும். அசினெட்டோபாக்டரில் பத்தில் எட்டுக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. மேல்நாட்டுப் புத்தகங்களில் முதலில் எழுதியிருக்கும் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஜோடி நம் ஊர் வார்டுகளில் பல நேரம் செல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். முப்பதாவது வாரத்தில் பிறந்தது. மூச்சுக்காக வைத்த குழாயை எடுத்து, பால் ஏறி, ஒரு கிலோ நானூறு கிராமுக்கு வந்து, இனி எடை ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை. பிறந்து இரண்டு வாரம் தாண்டியிருந்தது. நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்புக்கு வந்த அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நேத்து வரைக்கும் நெஞ்சுல போட்டா கைய அசைச்சு மொனங்கும். இன்னைக்குச் சும்மா கெடக்கு சிஸ்டர்.” மானிட்டரில் எல்லா எண்ணும் சரியாகவே இருந்தன. காய்ச்சல் இல்லை. சொல்லப்போனால் உடம்பு சற்றே குளிர்ந்திருந்தது. ராத்திரி மூச்சு விட்டு விட்டு நிற்க ஆரம்பித்தது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு (சேச்சுரேஷன்) இறங்கியது.

பெரியவர்களுக்கு வருகிற மாதிரி கழுத்து விறைப்பு, தலைவலி எல்லாம் பச்சிளங்குழந்தையிடம் எதிர்பார்க்க முடியாது. பால் குடிப்பது குறையும், டல்லாகும், உடம்பு சுடும் அல்லது குளிரும், மூச்சு நிற்கும், சில நேரம் கண் ஒரு பக்கம் நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சப்புக்கொட்டல் பசியாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். உச்சிக்குழி புடைப்பது பிந்தித்தான் தெரியும்; சில பிள்ளைகளுக்குத் தெரியாமலேயும் போகும். அதனால் முதல் ஆள் பெரும்பாலும் அம்மாதான். “என்னமோ சரியில்லை” என்று அம்மா சொன்னால், மானிட்டர் என்ன காட்டினாலும் டாக்டரைக் கூப்பிடுவது என் பழக்கம். அம்மாமார்களுக்கும் அதையே சொல்வேன்: கூச்சப்படாதீர்கள், இரண்டாவது தடவையும் சொல்லுங்கள்.

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் எடுத்தோம். அடுத்து முதுகுத்தண்டு நீர். இங்கேதான் அப்பத்தா குறுக்கே வந்து நின்றார். “முதுகுல ஊசி போட்டா பிள்ளைக்கு இடுப்பு விளங்காமப் போயிரும். நான் கையெழுத்துப் போட விட மாட்டேன்.” ஊரில் யாருக்கோ அப்படி ஆனதாக ஒரு கதையும் சொன்னார். எங்கள் டாக்டரம்மா அவசரப்படவில்லை. காகிதத்தில் முதுகை வரைந்து, “பாருங்கம்மா, தண்டுவடம் இந்த இடத்தோட முடிஞ்சிருது. நான் ஊசி குத்துறது அதுக்கும் கீழே. அங்க தண்ணிதான் இருக்கு, நடுவுல மெல்லிய நூல் கணக்கா நரம்புங்க மிதக்கும், ஊசி பட்டா விலகிக்கும்” என்றார். அப்பத்தா அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம், “போடுடா” என்று மட்டும் சொன்னார்.

இந்தச் சோதனையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்றால், ரத்தத்தில் கிருமி வளராத பிள்ளைக்கும் முதுகுத்தண்டு நீரில் வளரலாம். மூளைக்காய்ச்சல் வந்த பச்சிளங்குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு ரத்தக் கல்ச்சர் சுத்தமாகவே வந்திருப்பதாக ஆய்வுகள் உண்டு. ரத்தத்தை மட்டும் நம்பினால் பத்து நாளில் மருந்தை நிறுத்திவிடுவோம், கிருமி தலைக்குள் தங்கிவிடும். பிள்ளை மிகவும் மோசமாக இருந்து நீர் எடுக்க முடியாவிட்டால் மருந்தை முதலில் தொடங்கிவிட்டு, நிலை சீரானதும் எடுப்பார்கள். சோதனைக்காக மருந்து காத்திருக்கக் கூடாது.

எடுக்கும்போது பிள்ளையைப் பிடிப்பது நர்ஸின் கை. கழுத்தை மடக்கவே கூடாது, மூச்சு அடைக்கும். இடுப்பை மட்டும்தான் வளைக்க வேண்டும். உட்காரவைத்து எடுத்தால் முதல் தடவையிலேயே சரியான நீர் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பிரிட்டனில் நடந்து 2022-ல் வெளியான ‘நியோகிளியர்’ ஆய்வு சொன்னது. எங்கள் வார்டில் சிலர் அதற்கு மாறினார்கள், சிலர் மாறவில்லை. எனக்குப் பிடிப்பதற்கும் உட்காரவைப்பதுதான் எளிது. எடுத்த நீரை உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். தட்டில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் வெள்ளணுக்கள் சிதைந்து எண்ணிக்கை குறைவாக வரும், நோய் இல்லாத மாதிரி ரிப்போர்ட் வரும். ஃப்ரிட்ஜில் வைக்கவும் கூடாது, சில கிருமிகள் செத்துவிடும். அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் பார்த்துக் குறித்திருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் முதுகு நீரின் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். நான் இரவு ஷிஃப்டில் இருந்தால் யாரையும் நம்பாமல் நானே கையில் எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

இந்தப் பிள்ளைக்கு ரத்தம், முதுகு நீர் இரண்டிலுமே கிளெப்சியெல்லா. செஃபோடாக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் எதற்கும் கேட்காத ரகம். நல்லவேளையாக மெரோபெனத்துக்குக் கேட்டது.

ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மெரோபெனமும் வான்கோமைசினும் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரித் தொற்றில் கிருமி கிராம்-பாசிட்டிவா, கிராம்-நெகட்டிவா (சாயம் ஏற்றிப் பார்க்கும்போது பிரியும் இரண்டு பெரிய வகைகள்) என்று தெரியாதபோது இரண்டு பக்கத்தையும் மறிக்கும் ஏற்பாடு அது. கிளெப்சியெல்லா என்று தெரிந்ததும் வான்கோமைசினை நிறுத்தினார்கள். உடனே அப்பா பதறினார், காசு கட்டாததால் ஒரு மருந்தை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை. கல்ச்சர் பார்த்து ஒரு மருந்தைக் குறைத்தால் அது நல்ல வைத்தியத்தின் அடையாளம். தேவையில்லாத வான்கோமைசின் சிறுநீரகத்துக்கும் சுமை. அடிக்கடி ரத்தத்தில் மருந்தின் அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டியிருக்கும். கல்ச்சர் வந்த பிறகும் எல்லா மருந்தும் அப்படியே ஓடினால்தான் காரணம் கேட்க வேண்டும்.

அளவு விஷயமும் முக்கியம். சாதாரண ரத்தத் தொற்றுக்கு மெரோபெனம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுப்பார்கள். மூளைக்காய்ச்சல் என்றால் 40. இந்தப் பிள்ளையின் எடைக்கு ஒரு வேளைக்கு 56 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எடை ஏற ஏறக் கணக்கையும் மாற்ற வேண்டும். மூன்று வாரத்தில் பிள்ளை வளர்ந்துவிடும், முதல் நாள் எழுதிய அளவு மூன்றாவது வாரத்துக்குப் போதாது. வெளியே மருந்துக்கடையில் 500 மில்லிகிராம் பாட்டில் வாங்கிவந்த அப்பா, “இவ்வளவு மிச்சம் இருக்கே, அடுத்த வேளைக்கு வச்சுக்கலாமே?” என்று கேட்டார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒவ்வொரு பாட்டிலும் அவருக்கு ஒரு சவாரி. கலந்த மெரோபெனம் சில மணி நேரத்திலேயே வீரியம் குறைய ஆரம்பிக்கும் என்று விளக்கி, 125 மில்லிகிராம் பாட்டில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள் என்றேன். செலவும் குறைந்தது. ஒரே பாட்டிலை நாலு பிள்ளைகளுக்குப் பங்குபோடும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். சிக்கனம் என்ற பெயரில் ஒரு பிள்ளையின் கிருமியை நாலு பிள்ளைக்குக் கடத்துகிற வேலை அது. எனக்கு அதில் சமரசமே கிடையாது.

ஆறேழு நாளில் பிள்ளை கண் விழித்துப் பார்த்தது, பாலாடையில் கொடுத்த பாலை இழுத்துக் குடித்தது. அப்பத்தா சிரித்தார். அன்றைக்கு மாலையே அப்பா வந்து, “எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம் சிஸ்டர். மூத்தவன் பக்கத்து வீட்ல கெடக்கான். வண்டி ஓடி நாளாச்சு. டானிக் மாதிரி வாய்வழியா ஏதாவது எழுதித் தாங்க” என்றார்.

வாய்வழி மருந்து ஏன் முடியாது, ஊசியை ஏன் குறைக்க முடியாது என்பதை டாக்டரம்மா அவருக்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் இன்றுவரை மற்றவர்களுக்குச் சொல்லி வருகிறேன். ரத்தத்துக்கும் மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. நோய் உச்சத்தில் இருக்கும்போது வீக்கத்தால் அந்தக் கதவு திறந்து கிடக்கும், மருந்து தாராளமாக உள்ளே போகும். பிள்ளை தேறத் தேற வீக்கம் வடியும், கதவும் மூடிக்கொண்டே வரும். அதாவது, பிள்ளை நன்றாக இருக்கிற இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் உள்ளே போகும் மருந்து குறைகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமியை அப்போதும் கொல்ல வேண்டும் என்றால் அதே பெரிய அளவு நரம்பு வழியே தொடர வேண்டும். வாயில் கொடுத்தால் அந்த அளவு தலைக்குள் எட்டாது. அந்த நீரில் உடம்பின் சொந்தக் காவலும் குறைவு. தேறிய முகத்தை வைத்து மருந்தை நிறுத்த முடியாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

கிளெப்சியெல்லா, ஈ.கோலை மாதிரி கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வழக்கமான கணக்கு, குறைந்தது 21 நாள். அல்லது முதுகு நீர் சுத்தமான நாளிலிருந்து 14 நாள். இரண்டில் எது பிந்தி வருகிறதோ அது. ஆகவே முதுகு நீர் எப்போது சுத்தமானது என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் இரண்டாவது தடவை முதுகில் நீர் எடுக்கிறார்கள். “திரும்பவும் குத்துறாங்களே” என்று அம்மா அழுவார். ஆனால் அந்த இரண்டாவது சோதனை இல்லாவிட்டால் முடிவுத் தேதி என்பதே வெறும் ஊகம். அதிலும் கிருமி வளர்ந்தால் மருந்து எட்டவில்லை, அல்லது மூளை அறைக்குள்ளோ கட்டியாகவோ எங்கோ தங்கியிருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார்கள். அப்போது தேதி தள்ளிப்போகும். “எப்போது முடியும்?” என்று கேட்பதோடு, “இரண்டாவது கல்ச்சர் என்ன வந்தது, எந்த நாளை முதல் நாளாக எண்ணுகிறீர்கள்?” என்றும் கேளுங்கள்.

அந்த அப்பாவின் பணப் பிரச்சினை உண்மையானது. அறிவுரை சொல்லி அதைத் தீர்க்க முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முறையாக மாற்றிக்கொண்டு போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று மட்டும் எடுத்துச் சொன்னோம். அங்கே மருந்துக்குக் காசு இல்லை. டாக்டரம்மா அங்கிருந்தவர்களிடம் போனில் பேசி இடம் உறுதி செய்தார். இரண்டு கல்ச்சர் ரிப்போர்ட், முதுகு நீர் முடிவுகள், எந்தத் தேதியில் எந்த அளவில் எந்த மருந்து தொடங்கியது, கடைசி வேளை எத்தனை மணிக்குப் போட்டது, எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். 108-ல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே ஆம்புலன்ஸ் இருக்கிறது; அதில் போனார்கள். அடுத்த வேளை ஊசி தவறவில்லை. மிச்ச நாளை அங்கே முடித்தார்கள். காசு தீர்ந்துபோகிற வரை காத்திருக்காமல், தீரப் போகிறது என்று தெரிந்த அன்றே இதைப் பேசினால் யாருக்கும் அவமானம் இல்லை.

அதே வருடம் இன்னொரு குடும்பம் நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. தலை பெருத்து, வலிப்போடு திரும்பி வந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனம் இல்லை.

மூன்று வாரம் நரம்பில் ஊசி என்பது சொல்ல எளிது. ஒன்றரைக் கிலோப் பிள்ளைக்குக் கை, கால், தலை என்று நரம்பு தேடித் தேடி ஓய்ந்துவிடுவோம். அதனால் நீண்ட நாள் நிற்கும் பிக் லைன் போடச் சொல்லிக் கேட்பார்கள். அது கிருமிக்கு இன்னொரு வழிதானே என்று கேட்டால், ஆமாம்தான். கிருமி கண்ட பழைய லைனை எடுத்துவிட்டு, ரத்தம் சுத்தமான பிறகு புதிதாகப் போடுவார்கள். கை, காலில் போடும் சாதாரண ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) என்றால், ஊசி போன இடம் வீங்கினாலோ, வெளுத்தாலோ, மருந்து போகும்போது பிள்ளை வீறிட்டாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே போனால் தோல் வெந்துபோகும், அந்த வேளை மருந்தும் வீண். வான்கோமைசின் என்றால் ஒரு மணி நேரமாவது மெல்ல ஓட வேண்டும்; வேகமாகப் போனால் முகமும் கழுத்தும் சிவந்து தடிக்கும்.

மெரோபெனம் இருக்கப் பயமேன் என்று நினைத்திருந்த எனக்குப் பாடம் சொன்னது வேறொரு ஆண் பிள்ளை. மெரோபெனம் போட்டும் காய்ச்சல் விடவில்லை, வலிப்பு நிற்கவில்லை, இரண்டாவது முதுகு நீரிலும் கிருமி. லேபில் முதலில் கிராம்-நெகட்டிவ் என்று மட்டும் சொன்னார்கள். பிறகு பெயர் வந்தது: எலிசபெத்கிங்கியா. 1959-ல் பச்சிளங்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் இதைக் கண்டு எழுதிய எலிசபெத் கிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் பெயரை 2005-ல் இதற்கு வைத்தார்கள். மெரோபெனத்தைச் சிதைக்கும் நொதி இதற்குப் பிறவியிலேயே உண்டு. கடைசி ஆயுதம் என்று வைத்திருக்கும் கொலிஸ்டினும் பலிக்காது. வேடிக்கை என்னவென்றால், கிராம்-நெகட்டிவ் கிருமிக்கு வழக்கமாகப் பயன்படாத வான்கோமைசினை இதற்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். எங்கள் பிள்ளைக்கு வான்கோமைசின், ரிஃபாம்பிசின், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றும் சேர்ந்து போயின. ஒரு காலை அந்த அம்மா துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அலறியடித்து ஓடிவந்தார். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில். ரிஃபாம்பிசின் கொடுத்தால் அப்படித்தான், ரத்தம் இல்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பயம் மிச்சமாகியிருக்கும். அதன் பிறகு யாருக்கு அந்த மருந்து தொடங்கினாலும் முதலில் துணியைப் பற்றித்தான் பேசுவேன்.

அந்தக் கிருமி தண்ணீரில் வாழ்வது. தொட்டி, குழாய் முனை, ஈரப்பதம் கொடுக்கும் பாட்டில், இதெல்லாம் அதன் வீடு. வார்டின் மாதிரிகளை எடுத்துப் பார்த்ததில் கை கழுவும் தொட்டியிலேயே இருந்தது. கை சுத்தத்துக்காக வைத்த தொட்டி! அதன் பக்கத்திலேயே மருந்து கலக்கும் மேசை, தண்ணீர் தெறிக்கும் தூரத்தில். அந்த மருத்துவமனை மேசையை நகர்த்தியது, குழாய் முனைகளை மாற்றியது, பாட்டில்களுக்கு ஸ்டெரைல் தண்ணீர் மட்டும் என்று கட்டாயமாக்கியது. எல்லாம் நல்லதுதான், ஆனால் மேசை அங்கே இருக்கக் கூடாது என்று நர்ஸ்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தோம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறு மாதம், எட்டு மாதம் ஆன பிள்ளைகள் வேறு வழியில் வருவார்கள். தலைக்குள் கோர்த்த நீரை வடித்துவிடும் ஷன்ட் குழாய் வைத்த பிள்ளைக்கு, ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் காய்ச்சல், வாந்தி, எரிச்சல். அங்கே பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள். குழாயை உள்ளேயே வைத்துக்கொண்டு மருந்து மட்டும் கொடுத்தால் கிருமி குழாயில் ஒட்டிக்கொண்டு தப்பித்துவிடும். குழாயை எடுத்து, தற்காலிகமாக வெளியே வடியும் குழாய் வைத்து, நீர் சுத்தமான பிறகே புது ஷன்ட். “இன்னொரு ஆபரேஷனா?” என்று மனம் ஒடிந்து உட்காருவார்கள். வேறு வழி பெரும்பாலும் இல்லை.

மருந்தை நேராக மூளைக்குள் ஊசியாகப் போட்டால் சீக்கிரம் குணமாகுமே என்றும் சிலர் கேட்பதுண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கு அப்படி ஜென்டாமைசின் போட்டுப் பார்த்து 1980-ல் வெளியான ஆய்வில் இறப்பு குறையவில்லை, கூடியது. அதனால் வழக்கமாகச் செய்வதில்லை. கொலிஸ்டினுக்கு மட்டுமே கேட்கிற அசினெட்டோபாக்டர் வந்து, நரம்பு வழி மருந்து தலைக்குள் எட்டாதபோது, நரம்பியல் அறுவை டாக்டர்கள் கடைசி வழியாக அதை எடுப்பார்கள். ஸ்டீராய்டும் அப்படித்தான், பெரியவர்களுக்குச் சில வகை மூளைக்காய்ச்சலில் பலன் உண்டு, பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்கச் சொல்வதில்லை.

பெற்றோரால் செய்யக்கூடியதில் பெரியது கை. வளையல், மோதிரம், கயிறு கழற்றி முழங்கை வரை கழுவுங்கள். செல்போனைத் தொட்டுவிட்டுப் பிள்ளையைத் தொடாதீர்கள். டாக்டரோ நானோ கை கழுவாமல் வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல வார்டில் யாரும் கோபிக்க மாட்டார்கள். தாய்ப்பாலைக் கறந்து கொண்டுவருவதை நிறுத்தாதீர்கள். நேர்ந்துகொண்ட விபூதியை வார்மரின் கண்ணாடிக்கு வெளியே வையுங்கள், பிள்ளையின் நெற்றியில் வேண்டாம். வாயில் சேனை, உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டவே வேண்டாம்.

ஊசி முடிந்த நாளில் பெரும்பாலானோர் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நினைப்பார்கள். இப்போது நான் இருக்கிற பிரிவில் என் முழு வேலையும் அவர்களைத் திரும்ப வரவைப்பதுதான். தலைச் சுற்றளவை டேப்பால் வாரம் ஒரு தடவை அளந்து எழுதுகிறோம். குறைமாதக் குழந்தைக்கு வாரம் 1 சென்டிமீட்டர் அளவில் கூடுவது சகஜம், 2-ஐத் தாண்டினால் அன்றைக்கே உச்சிக்குழி வழியாக ஸ்கேன். எலிசபெத்கிங்கியா வந்த அந்தப் பையனுக்கு இப்படி டேப்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஷன்ட் வைத்தார்கள். இன்றைக்கு நடக்கிறான், பேச்சு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. மருந்து நிறுத்திய முதல் சில வாரங்களில் பால் குறைந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, வலிப்பு மாதிரித் தெரிந்தாலோ, “பல்லு வர்றதுக்கு அப்படித்தான்” என்று இருந்துவிடாமல் வந்துவிட வேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான்.

காது சோதனையை மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். மூளைக்காய்ச்சல் காது நரம்பைப் பாதிக்கலாம். அமிகாசின், ஜென்டாமைசின் ஊசிகளும் பாதிக்கலாம். காதில் மெல்லிய ஒலி விட்டுப் பார்க்கும் ஓ.ஏ.ஈ மட்டும் போதாது, நரம்புப் பாதையையும் பார்க்கும் பெரா சோதனை வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்போ, முடிந்த சில வாரங்களுக்குள்ளோ செய்துவிட வேண்டும். கேட்கும் திறன் போயிருந்தால் உள்காது எலும்பாக இறுகுவதற்கு முன்பே கேட்க உதவும் கருவியை உள்காதில் பொருத்தும் ஆபரேஷன் (காக்ளியர் இம்ப்ளான்ட்) பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அந்த மெரோபெனம் பிள்ளையின் அப்பத்தா, பெரா சோதனைக்குப் பிள்ளையைத் தூங்கவைக்க வேண்டும் என்று சொன்னதும் வெயிலில் பஸ் மாறி மாறி வந்து, வராந்தாவில் உட்கார்ந்து மடியில் தட்டித் தட்டித் தூங்கவைத்தார். இரண்டு காதும் சரியாக இருந்தன. வளர்ச்சியைப் பார்க்க அடுத்த தேதி எழுதிக் கொடுத்தேன். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் முதுகு நீர் ரிப்போர்ட்டையும் அந்த ஃபைலிலேயே வைத்திருங்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.